வால்வு ஆம்ப்ல ஒரு ட்யூப் மட்டும் செவந்து போன கதை

ராத்திரி லைட்ட அணைச்சுட்டு பாட்டு கேக்குறது தான் வால்வு ஆம்ப், அதாவது கண்ணாடி ட்யூப் வச்ச ஆம்ப்ளிஃபையர், வச்சிருக்குறதோட சொகமே. அப்படி அணைச்சதால தான் கண்ணுல பட்டுச்சு, நாலு ஈஎல்34 பவர் ட்யூப்ல ஒண்ணோட ப்ளேட் (உள்ள இருக்குற உலோகத் தகடு) மட்டும் அடுப்புக் கங்கு மாதிரி செவந்து கெடக்கு. ஹீட்டர் ஆரஞ்சா எரியுறது வேற, இது வேற. பதறிப்போய் ஆஃப் பண்ணிட்டேன்.

ட்யூப் தான் போச்சுன்னு நெனச்சு, ஆறவிட்டு பக்கத்துல இருந்ததோட இடம் மாத்தி போட்டேன். பார்த்தா செவப்பு அந்த ட்யூப் கூட போகல, அதே சாக்கெட்ல தான் நிக்குது. புது ட்யூப் வாங்கி இருந்தா அதுவும் சேர்ந்து கருகியிருக்கும்.

அப்போ தான் ஞாபகம் வந்துச்சு, போன தடவை பயாஸ் (ட்யூப்ல சும்மா இருக்கும்போது எவ்வளவு கரண்ட் ஓடணும்னு முடிவு பண்ற மைனஸ் வோல்டேஜ்) வைக்கும்போது இந்த சாக்கெட்டோட ப்ரீசெட்ட, அதாவது அத மாத்துற சின்ன திருகு ரெசிஸ்டர, மட்டும் கிட்டத்தட்ட கடைசி வரைக்கும் திருப்ப வேண்டியிருந்துச்சு. ரீடிங் வந்துருச்சேன்னு சந்தோஷமா மூடி வச்சுட்டேன், முட்டாள்தனம்.

சரின்னு ப்ளக்க புடுங்கிட்டு அடிப்பக்கம் கழட்டினேன். ப்ளக் இல்லன்னாலும் மெயின் கெபாசிட்டர்ல 400 வோல்ட்டுக்கு மேல அப்படியே நிக்கலாம், அதனால 10 கிலோ ஓம், 10 வாட் ரெசிஸ்டர இன்சுலேஷன் போட்ட வயர்ல கட்டி டிஸ்சார்ஜ் பண்ணி, மீட்டர்ல சில வோல்ட்டுக்கு கீழ வந்தத பார்த்துட்டு தான் கைய வச்சேன். ஆன்ல வச்சு அளக்கும்போது ஒரு கைய பாக்கெட்டுக்குள்ள வச்சுக்கணும். ஸ்பீக்கர் கனெக்‌ஷனும் இருந்தே ஆகணும், லோட் இல்லாம சிக்னல் போனா அவுட்புட் ட்ரான்ஸ்ஃபார்மர் போயிடும், அது தான் மொத்த ஆம்ப்லயே காஸ்ட்லி ஐட்டம்.

அந்த ட்யூப கழட்டி வச்சுட்டு ஆன் பண்ணி சாக்கெட்டோட 5வது பின்ன, அதாவது ட்யூப்ல ஓடுற கரண்ட்ட கட்டுப்படுத்துற கிரிட்ட, அளந்தேன். மத்ததுல மைனஸ் 38 வோல்ட், இதுல மைனஸ் 22 தான். மைனஸ் கொறஞ்சா கரண்ட் கூடும், அதான் செவப்பு. ட்யூபே இல்லாதப்போ எங்கிருந்து பாசிடிவ் வருது? சிக்னல மட்டும் விட்டு டிசி வோல்டேஜ தடுக்க வேண்டிய, முன்னாடி இருக்குற கப்ளிங் கெபாசிட்டர் லீக்காகி, டிரைவரோட (இதுக்கு சிக்னல் குடுக்குற முந்தின ட்யூபோட) ப்ளேட் வோல்டேஜ கொஞ்சம் கொஞ்சமா இந்தப்பக்கம் விடுது. மறுபடி ஆஃப், டிஸ்சார்ஜ், அந்த கெபாசிட்டரோட ஒரு கால மட்டும் தூக்கி விட்டுட்டு அளந்தா மைனஸ் 46. மாட்டிக்கிச்சு திருடன். இத்தன நாளா ப்ரீசெட்ட திருப்பி திருப்பி நான் தான் அத மறைச்சு வச்சிருக்கேன்.

0.22 மைக்ரோஃபேரட், 630 வோல்ட் ஃபிலிம் டைப் ஒண்ணு போட்டேன். சால்டரிங் அஞ்சு நிமிஷம் தான்.

அப்புறம் பயாஸ். ஈஎல்34 ப்ளேட் 25 வாட் தாங்கும், அதுல 70 சதவீதம்னா 17.5, என் ஆம்ப்ல ப்ளேட்ல 430 வோல்ட், வகுத்தா 40 மில்லிஆம்ப் சொச்சம். பேராசை வேணாம்னு 38. ட்யூபோட மொத்த கரண்ட்டும் போற கேத்தோட்ல 1 ஓம் ரெசிஸ்டர் இருக்கு, அதனால மீட்டர்ல எத்தன மில்லிவோல்ட்டோ அத்தன மில்லிஆம்ப். அதுல ஸ்கிரீன்ங்கற இன்னொரு கிரிட்டோட கரண்ட்டும் சேர்ந்து தான் வரும், அதனால ப்ளேட்டுக்கு இன்னும் கொஞ்சம் கம்மி தான், நல்லது தான். ட்யூப திரும்ப மாட்டி ஆன் பண்ணதும் புது கெபாசிட்டர் போட்ட சாக்கெட்ல 18 தான் காட்டுச்சு, மெதுவா ஏத்தினேன். ஒண்ண தொட்டா சப்ளை வோல்டேஜ் அசைஞ்சு மத்த மூணும் நகருது, திரும்ப ரெண்டு ரவுண்டு. சூடாகி 20 நிமிஷம் கழிச்சு வர்ற ரீடிங் தான் கணக்கு, முதல் அஞ்சு நிமிஷத்துல வர்றத நம்பி வச்சா ஏமாந்துடுவோம்.

மத்த மூணு கெபாசிட்டரும் அதே வயசு தானே, அடுத்த நாளே அதுங்களையும் மாத்திட்டேன்.