மதுரை மெஸ்களில் மதியம் இடம் பிடிக்க

டேபிள் புக் பண்ண முடியுமா என்றுதான் வெளியூர்க்காரர்கள் முதலில் கேட்பார்கள். பெரிய ஹோட்டல்களிலும் மொட்டை மாடி ரெஸ்டாரண்டுகளிலும் முடியும். தல்லாகுளம் பக்கம் அம்மா மெஸ், குமார் மெஸ் போன்ற கறிச்சோற்றுக் கடைகளுக்கு நாலு பேராகப் போகிறீர்கள் என்றால் அதை நம்பிக் கிளம்ப வேண்டாம். ஞாயிறு மதியம் ஒரு டேபிளைக் காலியாக வைத்திருப்பது எந்த மெஸ்ஸுக்கும் கட்டாது.

அதனால் 12.15-க்குள் உட்கார்ந்துவிடுங்கள். ஒரு மணியிலிருந்து இரண்டரை வரை நெரிசல். மூன்று மணிக்கு இடம் கிடைக்கும், ஆனால் அயிரை மீன் குழம்பு இருக்காது. அயிரையை உயிரோடு பாலில் விட்டு, மண்ணைக் கக்க வைத்து, அலசிக் குழம்பு வைக்க நேரம் பிடிக்கும். காலையில் வைத்த சட்டி தீர்ந்தால் தீர்ந்ததுதான். டேபிளுக்குப் போன் செய்வதைவிட இதற்குப் போன் செய்வதில்தான் பலன் அதிகம். 11 மணிக்கு, கூட்டம் ஏறுமுன், "அண்ணே, அயிரை இருக்கா? ரெண்டு எடுத்து வைங்க, பன்னிரண்டேகாலுக்கு வந்துருவோம்" என்று சொல்லிப் பாருங்கள். நல்லி, குடல், நண்டு ஆம்லெட்டுக்கும் இதே வழி.

ஆள் கணக்கில் ஐந்துதான் சிக்கல். பெரும்பாலும் நாலு பேர் டேபிள்தான். ஐந்து பேரும் ஒன்றாகத்தான் உட்காருவோம் என்றால் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு டேபிள் காலியாகும்வரை நிற்க வேண்டும். மூன்றும் இரண்டுமாகப் பிரியச் சம்மதித்தால் சீக்கிரம் வேலை முடியும்.

வாசலில் டோக்கனோ பெயர் எழுதும் நோட்டோ இருந்தால் முதலில் அங்கே போங்கள். இல்லாத கடையில் இலையைப் பார்த்து நிற்க வேண்டும். குழம்புச் சோற்றில் இருப்பவர் எழ இன்னும் கால் மணி நேரத்துக்கு மேல் ஆகும். ரசம் வாங்கிவிட்டால் பத்து நிமிடம். மோர்ச் சோற்றை வழித்துக்கொண்டிருந்தால் அந்த டேபிளுக்குப் போய்விடலாம். ஆனால் பக்கத்துத் தட்டில் ஆம்லெட் வந்து இறங்குகிறதா என்றும் பாருங்கள். ரசத்துக்குப் பிறகும் சுக்கா சொல்கிறவர்கள் உண்டு. சாப்பிடுகிறவர் தலைக்கு நேர் பின்னால் நிற்காதீர்கள். இரண்டடி தள்ளி நின்று, "இந்த டேபிளுக்கு நாங்க இருக்கோம்ணே" என்று சர்வரிடம் சொன்னால் போதும்.

எட்டுப் பேருக்கு மேல் என்றால் போன் அவசியம். முதல் நாள் மாலை நாலு மணி வாக்கில், கடை ஓய்ந்திருக்கும்போது கூப்பிடுங்கள். போனை எடுத்தவரிடம் சொல்லி வைத்துவிடாமல் கல்லாவில் இருப்பவரையோ சூப்பர்வைசரையோ கேட்டு வாங்கிப் பேசி, பெயரைத் தெரிந்துகொள்ளுங்கள். எத்தனை பேர், அதில் எத்தனை சைவம், ஏசி வேண்டுமா, எத்தனை நிமிடம் டேபிளை வைத்திருப்பார்கள் என்பதெல்லாம் அப்போதே பேசிவிட வேண்டும். செயலியில் பதிந்திருந்தாலும் கடைக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள். புக் செய்த டேபிள் பறிபோவது பெரும்பாலும் ஆள் வராததால்தான்: பத்து பேர் என்று சொல்லிவிட்டு மூன்று பேர் மட்டும் வந்து உட்கார்ந்தால், மீதி நாற்காலிகளை வாசலில் நிற்கும் கூட்டம் கேட்கத்தான் செய்யும்.

சாயங்காலம் சிம்மக்கல் கோனார் மெஸ்ஸில் கறி தோசைக்குக் கணக்கே வேறு. தடிமனாக மாவு ஊற்றி, மேலே முட்டை, அதன் மேல் கறி, பிறகு திருப்பிப் போட்டு வேக வைக்க வேண்டும். கல்லில் ஒரு நேரத்தில் சில தோசைதான் வேகும். இடம் கிடைத்த பிறகும் காத்திருப்பு உண்டு. உட்கார்ந்ததுமே மொத்த எண்ணிக்கையையும் சொல்லிவிடுங்கள்.

எந்த நாளில் போகிறீர்கள் என்பதையும் பாருங்கள். புரட்டாசியில், அதிலும் சனிக்கிழமை, கறிக்கடைகளில் கூட்டம் குறையும். கார்த்திகை, மார்கழியில் ஐயப்ப சாமிமார்கள் வந்து இறங்குவதால் கோயிலைச் சுற்றிச் சைவ ஹோட்டல்கள் நிரம்பி வழியும். சித்திரைத் திருவிழாவில் எதிர்சேவை அன்று, அதாவது கள்ளழகரை ஊரே எதிர்கொண்டு வரவேற்கும் நாளில், அழகர் வருவதே அழகர்கோவில் சாலை, தல்லாகுளம் வழியாகத்தான். அன்றைக்கு அந்தப் பக்கம் வண்டியில் போய்ச் சாப்பிடும் யோசனையையே விட்டுவிடுங்கள்.