பிரதியிலிருந்து நீக்கிய ஒரு வரி

அந்த வரியை ஏன் வெட்டினேன் என்று என்னிடம் எவரும் விளக்கம் கேட்கவில்லை. எழுதியவரும் கேட்கவில்லை. வானொலி நிகழ்ச்சித் தயாரிப்பாளன் என்ற முறையில் நாள்தோறும் அறிவிப்பாளர்களின் பிரதிகளில் பல வரிகளை வெட்டுகிறவன் நான். அவற்றுள் பெரும்பாலானவை அன்று மாலையே மறந்துபோகும். இந்த ஒன்று மட்டும் மறக்காமல் இருப்பதற்குக் காரணம் அது நல்ல வரி என்பதா, அல்லது வெட்டும்போது நான் சொன்ன காரணம் முழுமையானதல்ல என்பதா என்று இன்னும் தீர்மானிக்க முடியவில்லை.

வரி இதுதான்: "இன்றிரவு உங்கள் வீட்டில் இல்லாத ஒருவரை நினைத்துக்கொண்டு இந்த இசையைக் கேளுங்கள்."

இசை, பிங்க் ஃபுளோய்ட் குழுவினரின் 'விஷ் யூ வேர் ஹியர்' ('நீ இங்கே இருந்திருக்கலாமே') என்ற இசைத்தட்டு. பிறமொழி இசையைத் தமிழில் அறிமுகம் செய்யும் எங்கள் பின்னிரவு நிகழ்ச்சியில் அதை முழுமையாக ஒலிபரப்பலாம் என்று 2022 இன் பிற்பகுதியில் இளம் அறிவிப்பாளர் ஒருவர் முன்மொழிந்தார். நான் வழக்கமான கேள்வியைக் கேட்டேன். 1975 இல் இலண்டனில் நான்கு ஆங்கிலேயர் பதிவு செய்த துயரமான ரொக் இசைத்தட்டு, கொழும்பில் கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் கைத்தொலைபேசியில் வானொலி கேட்கிறவர்களுக்கு எப்படிப் பொருந்தும்? அவர் யோசிக்கவே இல்லை. "எங்கட நேயர்களில ஆரின்ர வீட்டில எல்லாரும் இருக்கினம், அண்ணா?" என்றார்.

அந்தப் பதிலுக்காகத்தான் நிகழ்ச்சிக்கு அனுமதி கொடுத்தேன். பிறகு அதே பதிலைப் பிரதியில் வரியாகக் கண்டபோது வெட்டினேன். இந்த இரண்டு செயல்களுக்கும் இடையில் என்ன நடந்தது என்பதைத்தான் திரும்பத் திரும்ப யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

அனுமதி கொடுத்தது சிறிய காரியமல்ல என்பதையும் சொல்ல வேண்டும். அந்த இசைத்தட்டில் இருப்பவை ஐந்து தடங்கள்தாம். ஒன்பது பகுதிகளைக் கொண்ட ஒரு நீண்ட இசையை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியைத் தொடக்கத்திலும் மறுபாதியை முடிவிலும் வைத்திருக்கிறார்கள். முதற்பாதி மட்டும் 13 நிமிடத்துக்கு மேல் ஓடும். அதில் மனிதக் குரல் கேட்பதற்கே 8 நிமிடத்துக்கு மேல் காத்திருக்க வேண்டும். ரிச்சர்ட் ரைட்டின் விசைப்பலகை மெல்ல விரிந்து, பிறகு டேவிட் கில்மோரின் கித்தாரிலிருந்து நான்கே சுரங்கள் விழுந்து, அவை ஓயும்வரை காத்திருந்து, மீண்டும் அதே நான்கு விழும். சில வினாடி மௌனம் நேர்ந்தாலே கட்டுப்பாட்டு அறையில் ஆள் எழுந்து நிற்கும் தொழில் எங்களுடையது. அந்த 8 நிமிடத்தில் இரண்டு விளம்பரங்களும் நிலையத்தின் பெயரும் போகலாமே என்று விளம்பரப் பிரிவு கேட்டது. முடியாது என்று நின்றவன் நான். ஆகவே அந்த இளம் அறிவிப்பாளருக்கு நான் 13 நிமிடத்தைக் கொடுத்து ஒரு வரியை எடுத்துக்கொண்டேன் என்று கணக்குப் போட்டுப் பார்ப்பதுண்டு. கணக்கு சரியாகத்தான் வருகிறது. ஆனால் அவர் என்னிடம் இப்படியொரு பேரம் பேசவில்லை.

பிரதியை என் மேசையில் வைத்தார். நான் பேனாவால் கோடு இழுத்தேன். "தங்கச்சி, தகவலைச் சொல்லுங்கோ. நினைக்கிறதை நேயர் நினைக்கட்டும்" என்றேன். "சரி அண்ணா" என்றார். உரையாடல் அவ்வளவுதான். அவருடைய முகத்தில் எதையோ கண்டேன் என்று எழுதினால் அது பின்னால் நான் சேர்த்ததாகவே இருக்கும். பிரதியை எடுத்துக்கொண்டு கலையகத்துக்குள் போய் ஒரு சொல்லும் கூட்டாமல் குறைக்காமல் வாசித்துப் பதிவு செய்தார்.

நான் சொன்னது கொள்கை. துயரமான இசையை ஒலிபரப்பிவிட்டுத் துயரப்படுங்கள் என்று கேட்பவருக்குக் கட்டளையிடுவது அறிவிப்பாளரின் வேலையல்ல என்று நான் நம்புகிறேன். ஆனால் எங்கள் தொழிலின் பரம்பரை இதற்கு நேர்மாறானது. மயில்வாகனம், கே. எஸ். ராஜா, அப்துல் ஹமீத் ஆகியோரின் குரல்கள் பாக்கு நீரிணையைக் கடந்து தமிழ்நாட்டு வீடுகளுக்குள் போனது பாட்டின் விவரம் சொன்னதால் மட்டுமா? கேட்பவரின் வாழ்வோடு பாட்டைக் கொண்டுபோய்ச் சேர்த்ததாலும் அல்லவா? இலங்கை வானொலியைக் கேட்டே வளர்ந்த நான், அந்த மரபில் வந்த ஒரு வரியை மரபுக்குப் புறம்பானது போல வெட்டியிருக்கிறேன்.

நான் சொல்லாத காரணமும் ஒன்று உண்டு. 'வீட்டில் இல்லாத ஒருவர்' என்று தமிழில் ஒலிவாங்கியின் முன் சொன்னால், கேட்பவர்களில் ஒரு சாராருக்கு அது வெளிநாடு போன மகனைக் குறிக்காது. கிளிநொச்சியில் 2017 பெப்ரவரியில் காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளின் படத்தோடு தெருவோரக் கொட்டகையில் உட்கார்ந்த தாய்மாரையும், அவர்களைப் போல வீட்டுக்குள்ளேயே காத்திருப்பவர்களையும் குறிக்கும். இரண்டு விளம்பரங்களுக்கு நடுவே, ஒரு பிரித்தானிய இசைக்குழுவின் பழைய நண்பரைப் பற்றிய பாட்டுக்கு முன்னுரையாக அந்தக் காத்திருப்பைத் தொட்டுக்கொள்வது எனக்கு அருவருப்பாக இருந்தது. இது உண்மை. மேலிடத்திலிருந்து கேள்வி வருமோ என்ற யோசனை கூடவே வந்ததும் உண்மை. எது முன்னே வந்தது என்று என்னைக் கேட்டால், அருவருப்புத்தான் முன்னே வந்தது என்று சொல்வேன். எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள்.

நிகழ்ச்சி ஒலிபரப்பானது. முதலில் வந்த வட்ஸ்அப் செய்தி, "பாட்டு எப்பொழுது தொடங்கும்?" என்பது. அதற்குப் பிறகு வந்தவற்றில் சில நினைவில் நிற்கின்றன. கொள்ளுப்பிட்டியில் ஒரு கட்டடத்தில் இரவுக் காவல் வேலை பார்ப்பவர், அறையைப் பகிர்ந்திருந்த நண்பன் கட்டாருக்குப் போன பிறகு வாடகை இரட்டிப்பானதைப் பற்றிக் குரல் பதிவு அனுப்பியிருந்தார். இசையைப் பற்றி அதில் எதுவுமே இல்லை. கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு பெண், அடுத்த தெருவில் இருக்கும் தமக்கையோடு பேச்சில்லை என்று எழுதியிருந்தார். வேறொருவர், தமக்கு ஆங்கிலம் விளங்காது, ஆனால் நடுவில் ஓரிடத்தில் பக்கத்து அறையில் யாரோ வாசிப்பது போல் இருந்தது, எழுந்து போய்ப் பார்த்தேன் என்று சொன்னார்.

அந்த நேயர் சொன்ன இடம் இசைத்தட்டின் தலைப்புப் பாடலின் தொடக்கம். வானொலியின் குமிழைத் திருப்புவது போல நிலையங்கள் மாறுகின்றன. பேச்சுக் குரல்கள் வருகின்றன, சைக்கோவ்ஸ்கியின் நான்காம் சிம்பொனியின் ஒரு துணுக்கு வந்து மறைகிறது. கில்மோரின் கார் வானொலியிலிருந்து பதிவு செய்த ஒலிகள் அவை. பிறகு மெலிந்த, கரகரத்த ஒரு கித்தார் வானொலிக்குள்ளிருந்து கேட்கிறது. சற்று நேரத்தில் அதன் மேல் இன்னொரு கித்தார், தெளிவாக, நம் பக்கத்தில் இருப்பது போல ஒலிக்கிறது. வீட்டில் தனியே இருக்கும் ஒருவர் வானொலியைப் போட்டுவிட்டு அதனோடு சேர்ந்து வாசிக்கிறார் என்பதே அந்த அமைப்பு. அவர் இருமுவதும் மூச்சிழுப்பதும்கூடக் கேட்கும். கேட்பவருக்கு உரிய நாற்காலியை அந்தப் பாட்டே போட்டு வைத்திருக்கிறது. அதில் உட்காருங்கள் என்று அறிவிப்பாளரும் சொல்லத் தேவையில்லை என்று அன்றிரவு எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இன்றும் இது வலுவான வாதமாகவே படுகிறது.

ஆனால் வந்த செய்திகளில் காணாமல் ஆக்கப்பட்டோரைப் பற்றி ஒன்றுகூட இல்லை. மறுநாள் காலை இதை என் பக்கச் சான்றாகவே எடுத்துக்கொண்டேன். நேயர்கள் அந்த இடத்துக்குப் போகவில்லை, நாம் ஏன் இழுத்துப் போக வேண்டும் என்று. அடுத்த வாரத்துக்குள் அதே சான்று எதிர்ப்பக்கம் சாய்ந்துவிட்டது. அழைக்காத இடத்துக்கு யார் வருவார்? வாசலைச் சாத்தியவன், உள்ளே எவரும் வரவில்லை என்று காட்டி நியாயம் பேசலாமா? வராத செய்தியை எப்படி வாசிப்பது என்று இந்தத் தொழில் எனக்குச் சொல்லித் தரவில்லை.

பிரதியில் நான் கைவைக்காமல் விட்ட பகுதி சிட் பரெட்டைப் பற்றியது. குழுவைத் தொடங்கியவர்களில் ஒருவரான அவர் மனநிலை குலைந்து 1968 இல் விலக நேர்ந்தது. 1975 ஜூன் 5 அன்று, அவரைப் பற்றிய அந்த நீண்ட இசையில் மற்றவர்கள் வேலை செய்துகொண்டிருந்தபோது, தலையையும் புருவங்களையும் மழித்த, உடல் பெருத்த ஒருவர் அபி ரோட் கலையகத்துக்குள் வந்து நின்றார். பழைய நண்பர்களுக்கே அவர் யார் என்று முதலில் தெரியவில்லை. அவர் 2006 இல் கேம்பிரிட்ஜில் இறந்தார். வெறும் தகவல் என்று நினைத்துத்தான் இதை விட்டேன். இப்போது யோசித்தால், நீக்கிய வரியைவிட இதுவே கொடுமையான பகுதி. தெருவோரத்தில் தாய்மார் வைத்திருக்கும் படங்களில் இருப்பவர்களுக்கு வயது ஏறுவதில்லை. அவர்களில் ஒருவர் திரும்பி வந்தால் எப்படி இருப்பார்? இதை நிகழ்ச்சியில் சொல்லக்கூடாது என்று தடுத்தவன், இங்கே அதைத்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

என்னைக் கேட்டால், அந்த இசைத்தட்டு அன்றைய கொழும்புக்குப் பொருந்தியது வேறொரு விதத்தில். 1973 இல் வெளிவந்த முந்தைய இசைத்தட்டு உலகப் புகழைக் கொடுத்த பிறகு, நால்வரும் கலையகத்துக்கு வந்தார்களே தவிர மனத்தால் அங்கே இல்லை. இசைத்தட்டின் பொருளே அதுதான் என்று நால்வரில் ஒருவரான ரொஜர் வோட்டர்ஸ் பின்னர் சொல்லியிருக்கிறார். 2022 இல் எங்கள் அலுவலகம் அப்படித்தான் இருந்தது. ஆட்கள் மேசைகளில் இருந்தார்கள். மனம் பத்தரமுல்லையில் கடவுச்சீட்டு வரிசையில் நின்றது. அந்த ஆண்டில் வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிந்து வெளிநாடு போனவர்கள் மூன்று இலட்சத்துக்கும் மேல். போகாமல், ஆனால் போய்விட்ட மனத்தோடு வேலைக்கு வந்துகொண்டிருந்தவர்களை எவரும் எண்ணவில்லை. அன்று என் கைப்பையிலும் ஒரு விண்ணப்பப் படிவம் இருந்தது. அந்த அறிவிப்பாளர் இல்லாதவர்களை நினைத்து வரி எழுதினார். நானோ இருந்தும் இல்லாதவனாக அதை வாசித்தேன். ஒரே இசைத்தட்டு இரண்டுக்கும் இடம் கொடுக்கிறது. அதில் யாருடைய பெயரும் சொல்லப்படாதது இதற்கு உதவுகிறது. இதே தட்டில், இசையைப் பற்றி எதுவும் அறியாத ஒரு முதலாளி குழுவினரைப் பார்த்து உங்களில் பிங்க் யார் என்று கேட்கும் பாட்டும் உண்டு. அதை ஒலிபரப்பும்போது எங்கள் கட்டுப்பாட்டு அறையில் ஒருவர் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

அந்த அறிவிப்பாளரின் வீட்டில் யார் இல்லை என்று நான் கேட்கவில்லை. அவர் வன்னியிலிருந்து வந்தவர் என்பது தெரியும். கேட்பது அக்கறையாகவும் இருக்கலாம், மேலதிகாரியின் துருவலாகவும் இருக்கலாம்; சம்பளப் பட்டியலில் கையெழுத்திடுகிறவன் கேட்டால் இரண்டாவதாகவே படும் என்பது என் எண்ணம்.

2025 செப்டெம்பரில் இசைத்தட்டுக்கு 50 ஆண்டு நிறைந்ததை ஒட்டி, நிகழ்ச்சியைப் புதிதாகச் செய்வோம் என்று நானே சொன்னேன். பிரதியை விரும்பியபடி எழுதலாம், நான் பார்க்கப் போவதில்லை என்றும் சொன்னேன். ஆனாலும் அவர் கொண்டுவந்து காட்டினார். பரெட் இருந்தார், கார் வானொலி இருந்தது, கடவுச்சீட்டு வரிசைகூட இருந்தது. அந்த வரி இல்லை. விட்டுவிட்டீர்களா என்று கேட்டேன். எந்த வரி என்று அவர் கேட்கவில்லை. "அது வேண்டாம் அண்ணா, ஆக்கள் தாங்களே நினைப்பினம்" என்றார்.

என் கொள்கையை அவர் ஏற்றுக்கொண்டாரா, அல்லது என்னோடு வேலை செய்வது எப்படி என்று பழகிக்கொண்டாரா என்று தெரியவில்லை. பிரதியின் கீழே கையெழுத்திட்டுக் கொடுத்தேன்.