கொழிஞ்சாம்பாறை நாட்குறிப்பு: எச்.ஆர்.ஈ. என்ற அந்த நான்காவது எண்

2025 ஜூலை 5, சனி

பாலக்காட்டுப் பக்கம் ஒரு கல்லூரியில் இயற்பியல் படிக்கும் தங்கை மகன், பிசி 547பி என்ற டிரான்சிஸ்டரின் எச் அளவுருக்களை, அதாவது சிறு சைகைகளுக்கு அது எப்படி நடந்துகொள்ளும் என்று சொல்லும் எண்களை, கணக்கிட்ட ரெக்கார்டு நோட்டைக் காட்டினான். டிரான்சிஸ்டருக்குப் பேஸ், எமிட்டர், கலெக்டர் என மூன்று கால்கள். எமிட்டர் உள்ளீட்டுக்கும் வெளியீட்டுக்கும் பொதுவாக நிற்பது பொது எமிட்டர் அமைப்பு; அதன் சமானச் சுற்றுக்கு (டிரான்சிஸ்டருக்குப் பதிலாகக் கணக்கில் வைக்கும் எளிய சுற்று) நான்கு எண்கள் வேண்டும். உள்ளீட்டு மின்னழுத்தம் என்பது பேஸ் மின்னோட்டத்தை எச்.ஐ.ஈ.யாலும் கலெக்டர் மின்னழுத்தத்தை எச்.ஆர்.ஈ.யாலும் பெருக்கிக் கூட்டிய தொகை; எச்.ஆர்.ஈ. என்பது கலெக்டர் மின்னழுத்தத்தில் பேஸுக்குத் திரும்பி வரும் பங்கு. வெளியீட்டு மின்னோட்டம் என்பது பேஸ் மின்னோட்டத்தை எச்.எஃப்.ஈ.யாலும் கலெக்டர் மின்னழுத்தத்தை எச்.ஓ.ஈ.யாலும் பெருக்கிக் கூட்டிய தொகை. ஒன்றின் அலகு ஓம், ஒன்றுக்குச் சீமென்ஸ், மற்ற இரண்டுக்கும் அலகே இல்லை; ஹைப்ரிட் (எச்), அதாவது கலப்பு அளவுருக்கள் என்பது அதனால்தான்.

கலெக்டரில் 2 மில்லி ஆம்பியர், 5 வோல்ட் என்ற இயங்குபுள்ளியில் (சைகை இல்லாதபோது டிரான்சிஸ்டர் நிற்கும் நிலை) இந்த வகைக்குத் தரவுத்தாள் தரும் வழக்கமான மதிப்புகள் 4.5 கிலோ ஓம் (எச்.ஐ.ஈ.), 0.0002 (எச்.ஆர்.ஈ.), 330 (எச்.எஃப்.ஈ.), 30 மைக்ரோ சீமென்ஸ் (எச்.ஓ.ஈ.). அவனுடைய வரைபடங்களிலிருந்து வந்த மூன்று எண்கள் இவற்றை ஒட்டியே இருக்கின்றன. எச்.ஆர்.ஈ. மட்டும் 0.016 என்று நிற்கிறது. இது எண்பது மடங்கு.

2025 ஜூலை 6, ஞாயிறு

காரணம் வரைபடத்திலேயே இருக்கிறது. பேஸ் மின்னழுத்தத்துக்கு எதிராகப் பேஸ் மின்னோட்டத்தை, கலெக்டர் மின்னழுத்தம் 0 வோல்ட்டுக்கு ஒரு வளைகோடும் 5 வோல்ட்டுக்கு ஒரு வளைகோடும் வரைந்து, ஒரே பேஸ் மின்னோட்டத்தில் இரண்டுக்கும் உள்ள 80 மில்லிவோல்ட் இடைவெளியை 5 வோல்ட்டால் வகுத்திருக்கிறான். ஆய்வுக்கூடங்களில் வழிவழியாக வரும் முறை இது; நோட்டுக்கு நோட்டு நகல் ஆகிறதே தவிர யாரும் கேள்வி கேட்பதில்லை. 0 வோல்ட்டில் கலெக்டர் சந்தியும் முன்னோக்குச் சார்பில் (மின்னோட்டம் எளிதில் பாயும் திசையில்) இருப்பதால் டிரான்சிஸ்டர் தெவிட்டு நிலையில், அதாவது பெருக்கியாக வேலை செய்யாத நிலையில், கிடக்கிறது. நமக்கு வேண்டிய சமானச் சுற்றோ, இயங்குபுள்ளியைச் சுற்றி நிகழும் சிறு மாற்றங்களுக்கு மட்டுமே பொருந்துவது.

“அப்படியானால் 5 வோல்ட்டுக்கும் 10 வோல்ட்டுக்கும் வரைகிறேன் மாமா” என்றான். வரையலாம், ஆனால் 0.0002 என்பது உண்மையானால், 5 வோல்ட் மாற்றத்துக்குப் பேஸில் 1 மில்லிவோல்ட்தான் கூடும். அவனுடைய வரைபடத்தாளில் ஒரு மில்லிமீட்டர் கட்டம் 10 மில்லிவோல்ட். பென்சில் கோட்டின் தடிமனுக்குள்ளேயே விடை மறைந்துவிடும்.

2025 ஜூலை 9, புதன்

தாளை விட்டுவிட்டு, 0.1 மில்லிவோல்ட் வரை காட்டும் டிஜிட்டல் மீட்டரை வைத்தோம். 12 வோல்ட்டிலிருந்து 1.8 மெகா ஓம் வழியாகப் பேஸுக்கு ஊட்டினால் மின்னோட்டம் 6.3 மைக்ரோ ஆம்பியர் அளவில் அசையாமல் நிற்கும். கலெக்டரை 5 வோல்ட்டிலிருந்து 10 வோல்ட்டுக்கு ஏற்றியபோது பேஸ் மின்னழுத்தம் கூடுவதற்குப் பதிலாக மெல்ல மெல்ல இறங்கியது. அப்படியே எழுதினால் எச்.ஆர்.ஈ. எதிர்க்குறி பெற்றுவிடும்.

இது வெப்பத்தின் வேலை. 2 மில்லி ஆம்பியரில் 5 வோல்ட் கூடினால் 10 மில்லிவாட் கூடுகிறது. இத்தகைய சிறு பிளாஸ்டிக் உறைக்கு வாட்டுக்குச் சுமார் 200 டிகிரி என்ற கணக்கில் சந்தி 2 டிகிரி சூடாகிறது. டிகிரிக்கு ஏறத்தாழ 2 மில்லிவோல்ட் வீதம் பேஸ் மின்னழுத்தம் 4 மில்லிவோல்ட் குறைகிறது. ஒரு மில்லிவோல்ட் ஏற்றம் இந்த இறக்கத்தில் அமுங்கிப்போகிறது. போதாததற்கு, ஆடிக்கு முன்பே பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீசத் தொடங்கிவிட்டது. மேற்கு ஜன்னல் திறந்திருக்கும்வரை கடைசி இரண்டு இலக்கங்கள் நிலைகொள்ளவே இல்லை; ஜன்னலைச் சாத்தி, டிரான்சிஸ்டர் மேல் ஒரு தீப்பெட்டிக் கூட்டைக் கவிழ்த்த பிறகே அடங்கின.

2025 ஜூலை 12, சனி

வெப்பம் பின்தொடர முடியாத வேகத்தில் அளப்பதே வழி. அதாவது, இயங்குபுள்ளியை அசைக்காமல் கலெக்டரில் 1 வோல்ட் மாறுதிசைச் சைகையைச் செலுத்தி, பேஸில் எவ்வளவு திரும்பி வருகிறது என்று பார்க்க வேண்டும். உள்ளீடு திறந்த சுற்றாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையை அந்த 1.8 மெகா ஓமே நிறைவேற்றுகிறது, 4.5 கிலோ ஓமுக்கு முன்னால் அது திறந்த சுற்றுக்குச் சமம். பேஸில் எதிர்பார்ப்பது 0.2 மில்லிவோல்ட், செயற்பாட்டுப் பெருக்கியால் (ஆப்-ஆம்ப்) நூறு மடங்காக்கிப் படித்தோம்.

1 கிலோ ஹெர்ட்ஸில் மதிப்பு கூடுதலாகவே வந்தது. இந்த டிரான்சிஸ்டரில் பேஸ் நடுக்கால். பிரெட்போர்டில் (பற்றவைக்காமல் சுற்று அமைக்கும் துளைப் பலகை) கலெக்டர் வரிசையை ஒட்டியே அதன் வரிசை அமைகிறது. இரு வரிசைகளுக்கும் இடையே சில பிக்கோ ஃபாரட் மின்தேக்கம் உண்டு. 5 பிக்கோ ஃபாரட் என்றாலே 1 கிலோ ஹெர்ட்ஸில் சுமார் 32 மெகா ஓம் மின்மறுப்பு. அதன் வழியாக மட்டும் 0.14 மில்லிவோல்ட், அலைக் கட்டத்தில் (ஃபேஸ்) 90 டிகிரி விலகி, பேஸுக்கு வந்து சேரும். ஆகவே பேஸ் காலைப் போர்டிலிருந்து தூக்கி அந்தரத்தில் பற்றவைத்து, அதிர்வெண்ணை 270 ஹெர்ட்ஸுக்குக் குறைத்தோம். வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் மடங்குகளைத் தவிர்க்கவே 270. இப்போது 0.0002-ஐ ஒட்டி நிலையாக வந்தது.

2025 ஜூலை 13, ஞாயிறு

“இவ்வளவு சின்ன எண்ணை விட்டுவிட்டால்தான் என்ன மாமா?” என்று கேட்டான். நியாயமான கேள்விதான். தரவுத்தாள் மதிப்புகளை எடுத்து, 2.2 கிலோ ஓம் சுமைக்குக் கணக்கிடச் சொன்னேன். நான்கு எண்களையும் பயன்படுத்தினால் மின்னழுத்தப் பெருக்கம் 156, எச்.ஐ.ஈ., எச்.எஃப்.ஈ. இரண்டை மட்டும் வைத்தால் 161. எச்.ஓ.ஈ.யைச் சுமை மின்தடையால் பெருக்கினால் 0.1-க்குக் கீழே இருக்கும்வரை அந்த இரண்டு எண்கள் மட்டுமுள்ள சுருக்கச் சுற்றே போதும் என்ற விதி இங்கே சரியாகவே பொருந்துகிறது.

ஆனால் நோட்டில் இருந்த 0.016-ஐப் போட்டால் உள்ளீட்டு மின்தடை எதிர்க்குறியுடன் 6.4 கிலோ ஓம் என்று வருகிறது. இந்தச் சாதாரணப் பெருக்கியில், இந்த அதிர்வெண்ணில், அது நடக்கவே நடக்காது. விடுபட்ட எண்களால் வரும் பிழை மூன்று சதவீதம். தவறான எண் சுற்றையே வேறொன்றாக்கிவிடுகிறது.

பொது பேஸ் அமைப்புக்கு மாற்றும்போது புறக்கணிக்கும் சலுகையும் கிடையாது. அங்கே எச்.ஆர்.ஈ.க்கு ஈடான எச்.ஆர்.பி. என்பது எச்.ஐ.ஈ.யையும் எச்.ஓ.ஈ.யையும் பெருக்கி, எச்.எஃப்.ஈ.யுடன் ஒன்றைக் கூட்டிய தொகையால் வகுத்து, அதிலிருந்து எச்.ஆர்.ஈ.யைக் கழித்தால் வருவது. முதல் பகுதி 0.00041, கழித்தால் 0.00021. கழிக்காமல் விட்டால் விடை இரட்டிப்பாகிவிடும்.