வாடிக்கையாளர் கேட்ட உமிழ்வுக் கணக்கு: எங்கள் முதல் ஆண்டு

நாங்கள் துண்டு, படுக்கை விரிப்பு நெய்து சாயமேற்றிக் கொடுக்கும் நடுத்தர நிறுவனம். எங்களிடம் அதிகம் வாங்குவது ஒரு பெரிய சில்லறை விற்பனை நிறுவனம். ஒரு நாள் அவர்களிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. போன நிதியாண்டில் உங்கள் பசுங்குடில் வாயு (கார்பன் டை ஆக்சைடு போல புவியைச் சூடாக்கும் வாயுக்கள்) உமிழ்வு எவ்வளவு, அதில் எங்கள் சரக்கின் பங்கு எவ்வளவு, குறைப்பதற்கு இலக்கு வைத்திருக்கிறீர்களா? ஆறு வாரம் அவகாசம். கணக்குப் பிரிவில் இருந்த என் தலையில் அந்த வேலை வந்து விழுந்தது.

நம்முடைய டீசல் கணக்கு இவர்களுக்கு எதற்கு என்றுதான் முதலில் தோன்றியது. படித்த பிறகு புரிந்தது. ஜிஹெச்ஜி புரோட்டோகால் என்ற கணக்கு முறையில், நாமே எரிப்பதும் கசியவிடுவதும் ஸ்கோப் 1, வாங்கும் மின்சாரம் ஸ்கோப் 2, வாங்கும் பொருளை மற்றவர்கள் உண்டாக்கும்போது வருவது போன்ற மற்றவை எல்லாம் ஸ்கோப் 3. கடைக்காரருக்குக் கடையில் எரியும் விளக்கைவிட, அலமாரியில் இருக்கும் பொருளை உண்டாக்கியதில்தான் உமிழ்வு அதிகம். ஸ்கோப் 3-இல் உள்ள 15 வகைகளில் முதலாவதே 'வாங்கிய பொருட்களும் சேவைகளும்'. எங்கள் பாய்லர் புகை அவர்கள் கணக்கில் அங்கேதான் போய்ச் சேருகிறது.

நாம் எண் கொடுக்காவிட்டால், எங்களிடம் செலவழித்த பணத்தை அந்தத் துறையின் சராசரிக் காரணியால் (ஒரு ரூபாய்க்கு இவ்வளவு உமிழ்வு என்ற எண்) பெருக்கி அவர்களே ஒரு எண்ணைப் போட்டுக்கொள்வார்கள். அந்தக் கணக்கில் நாங்கள் புதுப் பாய்லர் வைத்தாலும் தெரியாது. துண்டின் விலையைக் கூட்டினால் உமிழ்வும் கூடியதாகக் காட்டும்! இதை முதலாளியிடம் சொன்னதும், "அப்போ நாமளே நம்ம கணக்கைக் கொடுத்திடலாம்" என்றார்.

எரித்த அளவையும் மின்சார அளவையும் அதனதன் உமிழ்வுக் காரணியால் பெருக்குவது ஒரு நாள் வேலை. சீட்டு தேடியதுதான் ஐந்து வாரம். கரண்ட் பில் பன்னிரண்டும் கோப்பில் வரிசையாக இருந்தன. டீசலுக்கு வாங்கிய ரசீது இருந்தது, எரித்த கணக்கு இல்லை. ஜெனரேட்டர் அறையில் தொங்கிய எண்ணெய்க் கறை படிந்த நோட்டைப் புரட்டி, ஆண்டின் தொடக்க இருப்பையும் கடைசி இருப்பையும் எடுத்தேன். லிட்டருக்குச் சுமார் 2.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு. பாய்லருக்கு விறகு. விறகு எரிவதில் வரும் கார்பன் டை ஆக்சைடை ஸ்கோப்புகளில் சேர்க்காமல் தனியாகக் காட்ட வேண்டும், கூடவே வரும் மீத்தேனும் நைட்ரஸ் ஆக்சைடும் மட்டும் ஸ்கோப் 1-இல் வரும். இது தெரியாமல் முதல் வரைவில் எல்லாவற்றையும் ஒன்றாகக் கூட்டி வைத்திருந்தேன்.

என்னை உலுக்கியது ஏசி கேஸ். பராமரிப்புக் கோப்பின் அடியில் ஒரு மஞ்சள் சீட்டு: 'ஆர்-410ஏ, 10 கிலோ நிரப்பியது.' கசிந்து போனதற்குப் பதிலாக நிரப்பியது அது. அந்த வாயு கார்பன் டை ஆக்சைடைப் போல ஏறக்குறைய 2,000 மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைக்கும். 10 கிலோ என்றால் 20 டன். ஏழாயிரம் லிட்டருக்கு மேல் டீசல் எரித்ததற்குச் சமம். எலக்ட்ரீஷியன் அண்ணனிடம் காட்டினேன். "போன வருஷமும் நிரப்பினோமே சார்" என்றார். அந்தச் சீட்டு கிடைக்கவே இல்லை.

அப்புறம் ஒரு தவறு. அவர்களுடைய படிவம் மின்சாரத்தை மெகாவாட் மணியில் கேட்டது, ஒரு மெகாவாட் மணி என்பது ஆயிரம் யூனிட்; நான் பில்லில் இருந்த யூனிட்டை அப்படியே போட்டு அனுப்பிவிட்டேன். ஆயிரம் மடங்கு! இரண்டே நாளில் அவர்கள் திருப்பிக் கேட்டார்கள். திருத்தி அனுப்பினேன், யாரும் கோபப்படவில்லை. இப்போது எந்த எண்ணுக்கும் பக்கத்தில் அலகை எழுதாமல் அடுத்த கட்டத்துக்குப் போவதில்லை.

அவர்கள் பங்கைப் பிரிப்பதில் இரண்டு வழி இருந்தது: விற்பனைத் தொகை அல்லது எடை. சாயப் பட்டறையில் நீராவி செலவாவது துணியின் எடைக்கு ஏற்பத்தான். அதனால் எடையை எடுத்தோம், எடுத்த காரணத்தையும் குறிப்பில் எழுதினோம். தொகைப்படி போட்டிருந்தால் எண் வேறாக வந்திருக்கும். எதை எடுத்தாலும் சரி, வருடா வருடம் மாற்றக் கூடாது.

இலக்கில்தான் உண்மையான வாக்குவாதம். "2030-க்குள் பாதி என்று போட்டுவிடு, யார் பார்க்கப் போகிறார்கள்" என்று ஒருவர் சொன்னார். எனக்கு மனம் ஒப்பவில்லை. எழுதிக் கொடுத்தால் அது வாக்கு, அடுத்த ஆண்டு அதே படிவத்தில் எவ்வளவு முடிந்தது என்று கேட்பார்கள். நிறுவனங்களின் உமிழ்வு இலக்குகளைச் சரிபார்க்கும் எஸ்பிடிஐ அமைப்பின் வழிமுறையில், புவி வெப்ப உயர்வை 1.5 டிகிரிக்குள் நிறுத்தும் பாதைக்கு ஸ்கோப் 1, 2 இரண்டையும் ஆண்டுக்கு, அடிப்படை ஆண்டு (ஒப்பிட எடுக்கும் தொடக்க ஆண்டு) அளவில் குறைந்தது 4.2 சதவீதம் வீதம் குறைக்க வேண்டும். சிறிய நடுத்தர நிறுவனங்களுக்கு அங்கே தனி எளிய வழியும் உண்டு. அடிப்படை ஆண்டாக 2020-ஐ எடுக்கலாம் என்ற யோசனை வந்தது. அந்த ஆண்டு தறிகள் பாதி நாள் ஓடவில்லை. அதை அடிப்படையாக வைத்தால் சாதாரணமாக ஓடும் ஆண்டெல்லாம் ஏறியதாகவே தெரியும். எனவே முழுதாக ஓடிய 2022-ஐ எடுத்தோம். 'இலக்கு உண்டா' என்ற இடத்தில் 'தயாராகிக்கொண்டிருக்கிறது' என்று எழுதி, கூரை சோலார், நீராவிக் குழாய்க்கு உறை, கேஸ் கசிவைச் சரிசெய்தல் ஆகிய மூன்றையும் தேதியோடு போட்டோம்.

ஏசி கேஸில் முந்தைய ஆண்டுக்கு 'மதிப்பீடு' என்று குறித்து, எப்படி மதிப்பிட்டோம் என்று இரண்டு வரி எழுதினேன். அவர்கள் அதை ஏற்றுக்கொண்டார்கள். வெற்றிடமாக விட்ட நூல் கொள்முதலைப் பற்றித்தான் கேள்வி வந்தது, ஏனென்றால் எங்கள் ஸ்கோப் 3-இல் பெரும்பகுதி அதுதான். சரி என்று எங்கள் நூல் ஆலைகளுக்கு ஒரு பக்கக் கடிதம் அனுப்பியிருக்கிறேன். ஆண்டு முழுக்க எத்தனை யூனிட் மின்சாரம், எத்தனை கிலோ நூல் என்ற இரண்டே கேள்விகள். யூனிட் என்றே எழுதினேன், மெகாவாட் மணி கேட்கவில்லை.