மை இழை அறுபடும் இடம்: தொடர் மைப்பீச்சு அச்சுத்தலை பற்றி

மருந்துப் பெட்டியின் ஓரத்திலும் குளிர்பானப் புட்டியின் கழுத்திலும் காலாவதித் தேதியைப் பதிக்கும் தொடர் மைப்பீச்சு அச்சுப்பொறி, தான் பீச்சும் மையில் பெரும்பகுதியை அச்சிடுவதே இல்லை. வீட்டு இங்க்ஜெட்டில் தேவைப்படும்போது மட்டுமே துளி வெளியேறும். இதிலோ பொறி ஓடும் நேரமெல்லாம் மை ஒரே இழையாகப் பாய்ந்துகொண்டே இருக்கிறது. எழுத்துக்கு வேண்டிய துளிகள் மட்டும் பாதையிலிருந்து விலக்கப்பட்டுப் பொருளின்மேல் விழ, மற்றவை நேரே சென்று கட்டர் (gutter) எனப்படும் சிறு குழாயின் வாய்க்குள் புகுந்து தொட்டிக்குத் திரும்பிவிடுகின்றன.

இந்த அச்சுத்தலையைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் மை வெளியேறும் முனையான நாசிலின் துளை அளவிலேயே நின்றுவிடுகிறார்கள். என் பார்வையில், நாசிலுக்குச் சற்று அப்பால் இழை துளியாக அறுபடும் அந்த ஒரு புள்ளியை வைத்தே தலையின் மற்ற எல்லா உறுப்புகளின் இடமும் முடிவாகிறது.

பாயும் நீர்மத் தாரை தானாகவே துளிகளாக உடைவதை 1833இலேயே பிரான்சின் இயற்பியலாளர் சவார் ஆராய்ந்திருந்தார். பரப்பு இழுவிசைதான் தாரையை நெரித்து அறுக்கிறது. எந்த அலைநீளமுள்ள நெளிவு மிக விரைவாக வளரும் என்பதை 1878இல் ஆங்கிலேய இயற்பியலாளர் ராலே கணக்கிட்டுக் காட்டினார். தாரை விட்டத்தைப்போல் ஏறத்தாழ நாலரை மடங்கு என்பது அவருடைய விடை. 60 மைக்ரான் தாரை நொடிக்கு 20 மீட்டர் வேகத்தில் பாய்வதாகக் கொண்டால் அலைநீளம் 270 மைக்ரான். நொடிக்கு ஏறக்குறைய 74,000 துளிகள். ஒவ்வொன்றின் விட்டமும் 113 மைக்ரான் அளவில் இருக்கும். தன்போக்கில் விட்டால் தாரை ஒழுங்கின்றி உடையும். அதனால்தான் நாசிலுக்குப் பின்னால் மின்னழுத்தம் கொடுத்தால் அதிரும் ஒரு பீசோ படிகத்தை வைத்து, விரும்பிய அதிர்வெண்ணில் மையை அதிரச் செய்கிறார்கள். ஸ்டான்ஃபோர்டில் ரிச்சர்ட் ஸ்வீட் 1960களில் இப்படிச் சீரான துளிகளை உண்டாக்கி, அவற்றை மின்னூட்டி விலக்கிக் காட்டியபோது அவருக்கு எழுத்து அச்சிடும் நோக்கமே இல்லை; வேகமாக மாறும் மின் அலைகளைத் தாளில் வரையும் கருவியே அவருக்கு வேண்டியிருந்தது.

படிகத்தின் அதிர்வெண்ணிலேயே மினுக்கும் விளக்கைத் தாரைக்குப் பின்னால் வைத்து உருப்பெருக்கியில் பார்த்தால், ஓடும் துளிகள் அசையாமல் நிற்பதுபோல் தெரியும். முதலில் வழுவழுப்பான இழை. பிறகு அதில் மெல்லிய புடைப்புகள். அடுத்து இரண்டு புடைப்புகளுக்கு நடுவே நீண்டு மெலியும் கழுத்து. அந்தக் கழுத்து இரு முனைகளிலும் அறுந்தால் இடையில் துணைத்துளி எனப்படும் சிறு துளி ஒன்று மிஞ்சும். அது முன்துளியோடு சேர்ந்துகொண்டால் தொல்லையில்லை. பின்தங்கினால்தான் சிக்கல். படிகத்துக்குக் கொடுக்கும் மின்னழுத்தத்தைக் கூட்டியும் குறைத்தும் கழுத்தின் வடிவத்தைத் திருத்துவதே இங்குள்ள வேலை. ஒரே மின்னழுத்தம் எல்லா மைக்கும் பொருந்தாது.

அறுபடும் புள்ளியைச் சூழ்ந்தே மின்னூட்டும் மின்முனை இருக்க வேண்டும். கடத்தும் தன்மையுள்ள மை நாசில் வழியே புவியோடு இணைந்திருப்பதால், மின்முனையின் மின்னழுத்தத்துக்கு ஏற்ப இழையின் நுனியில் எதிர் மின்னூட்டம் தூண்டப்படுகிறது. துளி பிரியும் கணத்தில் எவ்வளவு இருந்ததோ அவ்வளவே அதனோடு போகிறது. மேற்சொன்ன கணக்கில் ஒரு துளிக்குக் கிடைப்பது 13.5 மைக்ரோநொடிதான். மின்முனைக்குக் கொடுக்கும் மின்துடிப்பு சற்று முந்தினாலும் பிந்தினாலும் துளிக்குத் தவறான மின்னூட்டம் ஏறிவிடும். ஆகவே கட்டருக்குப் போகும் துளிகளில் சிலவற்றுக்குச் சிறு சோதனை மின்னூட்டம் கொடுத்து, உணரி ஒன்றால் அதைப் படித்து, துடிப்பு வரும் நேரத்தைப் பொறி விடாமல் சரிசெய்துகொள்கிறது. குளிரில் மையின் பாகுநிலை கூடினால் அறுபடும் புள்ளி தள்ளிப்போகும் என்பதால், மின்முனையின் நீளத்திலும் கொஞ்சம் இடம் விட்டுவைக்கிறார்கள். முன்னால் சென்ற துளியின் மின்னூட்டமும் அடுத்த துளியைப் பாதிக்கும். அதை முன்கூட்டியே கணக்கிட்டு ஈடுகட்டுகிறார்கள்.

அடுத்து வருபவை சில ஆயிரம் வோல்ட் தாங்கும் விலக்கல் தகடுகள். விலக்கம் துளியின் மின்னூட்டத்துக்கும் மின்புலத்துக்கும் நேர்விகிதத்திலும், நிறைக்கும் வேகத்தின் வர்க்கத்துக்கும் எதிர்விகிதத்திலும் அமைகிறது. வேகம் 5 சதவீதம் கூடினாலே எழுத்தின் உயரம் ஏறத்தாழ 10 சதவீதம் குறுகிவிடும். மையைத் தள்ளும் அழுத்தத்தின் கட்டுப்பாட்டுக்கு இத்தனை கவனம் தருவது இதனால்தான். நிறை குறைந்த துணைத்துளிகள் மிகுதியாக விலகித் தகட்டில் ஒட்டும். மை படிந்து மின்கசிவு ஏற்பட்டால் உயர் மின்னழுத்தம் ட்ரிப் ஆகிவிடும். தகட்டைத் துடைப்பது தீர்வாகாது; பெரும்பாலும் கோளாறு அதிர்வின் அமைப்பில் இருக்கும்.

காற்றும் தன் பங்குக்குத் தொல்லை தருகிறது. முன்துளி கிழித்த காற்றில் பின்துளி தடையின்றி விரைந்து அதை நெருங்குகிறது. ஒரே வகை மின்னூட்டம் இரண்டையும் தள்ளுகிறது. இடையிடையே மின்னூட்டமில்லாத காவல் துளிகளை விட்டால் எழுத்து தெளிவாகும். அச்சு வேகம் குறையும்.

கட்டரை ஓரத்துத் துணைப்பொருளாக எண்ணுவது சரியன்று. மிகக் குறைவாக விலகும் துளியும் அதன் விளிம்பைத் தாண்டியாக வேண்டும். எழுத்தின் அடி வரிசை அங்கேதான் தீர்மானமாகிறது. அதன் உறிஞ்சல் குறைந்தால் மை வழியும். மிகுந்தால் காற்றும் கூடவே உள்ளே போய் மெத்தில் எத்தில் கீட்டோன் போன்ற கரைப்பானை ஆவியாக்கிக்கொண்டு போய்விடும். கரைப்பான் அதிகம் செலவாகிறது என்று குறைபடுபவர்கள் முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான்.

ஆயிரக்கணக்கான நாசில்கள் வேண்டிய அச்சகப் பொறிகளில் ஒவ்வொன்றுக்கும் தனி மின்முனை அமைப்பது கடினம். கோடாக் 2008இல் அறிமுகப்படுத்திய ஸ்ட்ரீம் முறை நாசிலைச் சுற்றிய நுண் வெப்பமூட்டிகளால் இழையைப் பெரிய துளியாகவும் சிறிய துளியாகவும் உடைத்து, காற்றோட்டத்தால் அவற்றைப் பிரிக்கிறது. மின்னூட்டமே தேவையில்லை என்பது அழகான விடுதலை.

ஒற்றை நாசில் தலைகளில் எனக்கு முக்கியமாகப் படுவது மை ஓட்டத்தைத் திறந்து மூடும் வால்வு. தாரை தொடங்கும் கணத்திலும் நிற்கும் கணத்திலும் அழுத்தம் குறைவாக இருப்பதால் மை நேராகப் பாயாமல் கட்டரைத் தவறவிட்டு மின்முனையை நனைக்கும். வால்வு நாசிலை ஒட்டி இருந்தால் அழுத்தம் சட்டென்று ஏறி இறங்கும். கரைப்பானால் துளையைக் கழுவி, மிஞ்சியதை உள்ளே உறிஞ்சிக்கொள்வதும் எளிதாகும். வால்வைத் தொலைவில், குழாயின் மறுமுனையில் வைத்திருக்கும் தலையை, மற்ற அளவுகள் எவ்வளவு நன்றாக இருந்தாலும், நான் தேர்ந்தெடுக்கமாட்டேன்.