20க்கு 4

உயர்தர வகுப்பில் நான் எழுதிய முதல் புவியியல் கட்டுரைக்கு 20க்கு 4 கிடைத்தது. ஒரு நாட்டின் அரசியற் பலத்தில் குடித்தொகைப் பண்புகளுக்கு என்ன பங்கு என்பது தலைப்பு. சனம் கூடினால் பலம் கூடும், சீனாவைப் பாருங்கள் என்று நாலு பக்கம் நிரப்பியிருந்தேன். சேர் திருத்தம் எதுவும் போடவில்லை. ஓரத்தில் சிவப்பு மையில் ஒரு கேள்வி மட்டும்: "1842இல் சீனாவில் எத்தனை பேர், பிரித்தானியாவில் எத்தனை பேர்?"

நூலகத்தில் தேடினேன். சீனாவில் ஏறத்தாழ 40 கோடி. பிரித்தானியாவில், அயர்லாந்தைச் சேர்த்தாலும், 3 கோடி வராது. அந்த ஆண்டு போரில் தோற்று, நான்கிங் உடன்படிக்கையில் பிரித்தானியாவிடம் ஹொங்கொங்கைப் பறிகொடுத்தது 40 கோடிக்காரன்.

அதற்குப் பிறகு அவர் எங்களைத் தலை எண்ண விடவில்லை, வயது எண்ண வைத்தார். வரைபுத்தாளில் குடித்தொகைக் கூம்பகம் கீறுவதே ஒரு தவணை முழுக்க வேலை: வயது வயதாக ஆண்களை இடப்பக்கமும் பெண்களை வலப்பக்கமும் பட்டைகளாக அடுக்கும் படம். எல்லா நாட்டுக்கும் ஐந்தைந்து வயதாகக் கீறினோம். ஜப்பானுக்கு மட்டும் ஒவ்வொரு வயதாகக் கீறச் சொன்னார். கீறிக்கொண்டு வரும்போது ஓரிடத்தில் எலி கடித்தது போல ஒரு பள்ளம். பிழை விட்டுவிட்டேன் என்று அழிக்கப் போனேன், கையைப் பிடித்தார். 1966இல் பிறந்தவர்கள். அந்த ஆண்டில் பிறக்கும் பெண் புருஷனுக்கு ஆகாது என்ற நம்பிக்கையால் அவ்வருடம் பிறப்பு நாலில் ஒரு பங்கு குறைந்ததாம்.

அதே 1966இல் ருமேனியாவில் நேர்மாறு. நாட்டுக்குப் பலம் சேர்க்க ஆட்கள் வேண்டுமென்று அந்நாட்டை ஆண்ட சௌசெஸ்கு கருக்கலைப்பைத் தடை செய்தார். அடுத்த வருடம் பிறப்பு ஏறக்குறைய இரட்டித்தது. அந்தப் பிள்ளைகளுக்கு 22 வயதானபோது, 1989இல், அவருடைய ஆட்சி கவிழ்ந்தது. தெருவில் இறங்கியவர்களில் அந்த வயதுக்காரர் ஏராளம். இது நான் பிற்காலத்தில் வாசித்து அறிந்தது. சேரிடம் சொல்லியிருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார்.

அவருக்கும் ஒன்று பிழைத்தது. சீனாவின் ஒரு பிள்ளைக் கொள்கையைக் கெட்டித்தனம் என்று மெச்சிக்கொண்டே இருப்பார். 2016இல் அதைக் கைவிட்டார்கள். அப்படியும் 2022இல் அங்கே தொகை குறையத் தொடங்கிவிட்டது.

எனக்கு மறக்காத பாடம் லெபனான். ஒரே மொழி, ஒரே மதம் உள்ள நாடுதான் உறுதியாக நிற்கும் என்று பாடநூல் சொன்னது. சுவிற்சர்லாந்தில் நாலு மொழி இருக்கிறதே என்று நான் கேட்டேன். சரி, அப்படியென்றால் இதைப் பார் என்று கரும்பலகையில் 1932 என்று எழுதினார். லெபனான் கடைசியாக முறைப்படி சனத்தொகைக் கணக்கெடுத்த ஆண்டு. அந்தக் கணக்கை வைத்துத்தான் 1943இல் பதவிகளைப் பங்கு போட்டார்கள்: சனாதிபதி மரோனைற் கிறிஸ்தவர், பிரதமர் சுன்னி, சபாநாயகர் ஷியா. நாடாளுமன்ற ஆசனங்கள் கிறிஸ்தவருக்கு ஆறென்றால் முஸ்லிம்களுக்கு ஐந்து. மறுபடி எண்ணினால் அந்த ஆறும் ஐந்தும் நிற்காது என்று எல்லோருக்கும் தெரியும், அதனால் எண்ணவே இல்லை. உள்நாட்டுப் போரில் பதினைந்து வருடம் போனது. போரை முடிக்க 1989இல் செய்த தாயிப் உடன்படிக்கை ஆசனங்களைப் பாதிக்குப் பாதியாக்கியது. அப்போதும் எண்ணவில்லை, இன்றுவரையும் இல்லை.

"எண்ணிக்கை பலமென்று எழுதினாயே, எண்ணப் பயப்படுகிற நாட்டை எங்கே வைப்பாய்?" என்றார். வகுப்பில் ஒருவரும் வாய் திறக்கவில்லை.

இப்போது இருக்கும் நாட்டில் கணக்கெடுப்புப் படிவம் வந்தால் வீட்டில் நான்தான் நிரப்புவேன். வீட்டில் பேசும் மொழி என்ற கட்டத்துக்கு வந்ததும் பிள்ளைகள் என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள். அவர்கள் எந்த மொழியில் சிரிக்கிறார்கள் என்பதைக் கவனிக்காமல் தமிழ் என்று எழுதிவிடுவேன்.

தவணை முடிவில் அதே தலைப்பில் இன்னொரு கட்டுரை வைத்தார். இம்முறை 13. கூம்பகத்தில் ஆண்களை வலப்பக்கம் போட்டதற்கு ஒரு புள்ளி குறைத்திருந்தார்.