இலங்கையில் பிடிபட்ட மச்சானை வீட்டுக்குக் கொண்டுவந்த அனுபவம்

என் மச்சான் ராமேசுவரம் விசைப்படகு ஒன்றில் கூலிக்குப் போகிறவர். படகு அவருடையதில்லை. எல்லை தாண்டி மீன்பிடித்ததாகப் பிடிபட்டு, இலங்கைச் சிறையில் இருந்துவிட்டுத் திரும்பியிருக்கிறார். அக்கா கைக்குழந்தையோடு இருந்ததால் அலைச்சல் முழுக்க என்னுடையது. இதே நிலைமையில் நிற்கும் குடும்பங்களுக்குப் பயன்படட்டும் என்று எழுதுகிறேன்.

சேதி பெரும்பாலும் கூடப் போன படகுகளின் வாக்கிடாக்கி வழியாகத்தான் வரும். வந்ததும் நேராக மீன்வளத்துறை அலுவலகத்துக்குப் போய்விடுங்கள். டோக்கன் (கடலுக்குப் போக மீன்வளத்துறை தரும் அனுமதிச் சீட்டு) வாங்கிப் போன படகா என்று முதலில் கேட்டார்கள். அப்புறம் ஆதார், மீனவர் அடையாள அட்டை, ரேஷன் கார்டு எல்லாவற்றுக்கும் நகல். மனைவி பெயரில் வங்கிக் கணக்கு இருந்தால் அதையும் அப்போதே கொடுத்துவிட வேண்டும். சிறையில் இருக்கும் நாட்களுக்கு மாநில அரசு தரும் தினப்படி உதவித்தொகை அதில்தான் ஏறும்.

பெயர் விஷயத்தில் கவனம் தேவை. அங்கிருந்து வந்த பட்டியலில் மச்சானின் அப்பா பெயர் அவர் பெயராகவும், அவர் பெயர் அப்பா பெயராகவும் ஏறியிருந்தது. கடலுக்குப் போகிறவர்களில் பலருக்குப் பாஸ்போர்ட் கிடையாது, விடுதலையானால் தூதரகம் கொடுக்கும் அவசரப் பயணச் சான்றில்தான் வர வேண்டும். அதில் பெயர் தப்பாக இருந்தால் விமானம் ஏறும் நேரத்தில் சிக்கல். யாழ்ப்பாணத்தில் இந்தியத் துணைத் தூதரகம் இருக்கிறது. ஆதார் நகலை அவர்களுக்கு அனுப்பி, முதல் வாரத்திலேயே திருத்தச் சொன்னோம். சோப்பு, மாற்றுத்துணி கொண்டுபோய்க் கொடுத்ததும், மச்சானை அக்காவோடு போனில் பேச வைத்ததும் அவர்கள்தான். அந்த ஒரு போன் வந்த பிறகுதான் அக்கா சரியாகச் சாப்பிட்டாள்.

வழக்கு நீதவான் (நம் ஊர் மாஜிஸ்திரேட்) முன்னால் போகும். தவணைக்குத் தவணை விளக்கமறியலை, அதாவது ரிமாண்ட் காவலை, நீட்டிப்பார்கள். ஒவ்வொரு தவணைக்கும் ஊரே விடுதலையை எதிர்பார்க்கும், மாலையில் 'நீட்டிப்பு' என்று சேதி வரும். அந்த நாட்கள்தான் ரொம்பக் கஷ்டம்.

கச்சத்தீவு ஒப்பந்தத்தைக் காட்டி வாதாடலாமே என்று ஊரில் பலரும் சொன்னார்கள். 1974 ஒப்பந்தத்தில், பழைய வழக்கப்படி நம் மீனவர்களும் யாத்திரிகர்களும் விசா இல்லாமல் தீவுக்குப் போய்வரலாம் என்று இருக்கிறது. உண்மைதான். ஆனால் மீன்பிடி உரிமை என்று அதில் வெளிப்படையாக ஒரு வரி இல்லை. 1976இல் இரு அரசுகளும் பரிமாறிக்கொண்ட கடிதங்கள், ஒருவர் கடலில் இன்னொருவர் மீன்பிடிக்கக் கூடாது என்று முடித்துவிட்டன. 2008இல் ஜெயலலிதா உச்ச நீதிமன்றம் போனதும், 2011இல் தமிழக அரசு அந்த வழக்கில் சேர்ந்துகொண்டதும் ஒப்பந்தமே செல்லுமா என்பது பற்றிய பெரிய வழக்கு. நீதவான் பார்ப்பது, படகு எந்த இடத்தில் பிடிபட்டது, அனுமதி இருந்ததா, என்ன வலை போட்டார்கள் என்பதை மட்டும்தான். அங்கே அடிமடி இழுவையை, அதாவது கடலடியை வாரிக்கொண்டு போகும் இழுவை வலையை, 2017இல் சட்டம் போட்டே தடை செய்துவிட்டார்கள்.

யாழ்ப்பாணத்து வக்கீல் போனில் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "இழுவைமடி எண்டால் இஞ்ச ஒருத்தரும் இரங்க மாட்டினம், தம்பி." 2009 வரை போரால் கடலுக்கே சரியாகப் போக முடியாமல் இருந்தவர்கள் அந்தக் கரை மீனவர்கள். கடன் வாங்கிப் போட்ட அவர்கள் வலையை நம் மடி அறுத்துக்கொண்டு போகிறது என்று அவர் சொன்னபோது நான் எதிர்த்துப் பேசவில்லை. கச்சத்தீவு நாளைக்கே திரும்பி வந்தாலும் இந்தப் பிரச்சினை அப்படியே நிற்கும் என்றுதான் எனக்குப் படுகிறது. இரு நாட்டுக் கடல் எல்லைக் கோடு அந்தத் தீவின் மேற்குக் கரைக்கு ஒரு மைல் இந்தப் பக்கம் ஓடுகிறது. நம் படகுகள் மீனைத் தேடிப் போவது அதையும் தாண்டி வெகுதூரம். இரண்டு கரை மீனவர்களும் உட்கார்ந்து பேசாமல் தீராது.

மச்சானுக்கு முதல் தடவை என்பதால் சிறைத்தண்டனையை ஐந்து ஆண்டுகளுக்கு ஒத்திவைத்து விடுவித்தார்கள். படகு ஓட்டியவருக்கும், முன்னமே ஒருமுறை பிடிபட்டவருக்கும் அப்படி இல்லை, உள்ளேதான் இருக்கிறார்கள். விடுதலை என்றதும் அன்றைக்கே வீடு என்று நினைக்காதீர்கள். கொழும்புப் பக்கம், நாடு திரும்ப வேண்டிய வெளிநாட்டவரை வைத்திருக்கும் மிரிஹான முகாமில் வைத்து, பயணச் சான்று தயாரான பிறகுதான் சென்னை விமானம். அங்கிருந்து மீன்வளத்துறை வேனில் ஊர்.

படகு வழக்கு தனி. 2018இல் சட்டத்தைத் திருத்திய பிறகு உரிமையாளரே படகின் பதிவுச் சான்றோடு நேரில் போய் நிற்க வேண்டியிருக்கிறது, இல்லையென்றால் படகு அரசுடைமை. எங்கள் முதலாளி இப்போதுதான் பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போட்டிருக்கிறார்.

தீர்ப்பு நகல் ஒன்றை வக்கீலிடம் கேட்டு வாங்கி வைத்திருக்கிறேன். அந்த ஐந்து ஆண்டுக்குள் மறுபடி பிடிபட்டால் பழைய தண்டனையும் சேர்ந்து வரும். ஒத்திவைப்பு முடியும் தேதியை அக்கா காலண்டர் அட்டையில் எழுதி வைத்திருக்கிறாள். அதுவரை பார்டர் பக்கம் போகாத நாட்டுப்படகில்தான் தொழில் என்று மச்சானும் ஒத்துக்கொண்டுவிட்டார்.